கறுப்பு வயரை மாற்ற மாட்டேன்

நாலு வருஷத்தில் முடிக்க வேண்டிய பொறியியல் படிப்பை நான் பதினைந்து வருஷத்தில் முடித்தேன். இதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. சிலருக்குத் தலை சீக்கிரம் நரைக்கும், சிலருக்குப் பட்டம் தாமதமாக வரும். எனக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தன.

பாக்கி நின்றது ஒரே ஒரு பேப்பர். எழுத்துத் தேர்வுகூட இல்லை, பிராக்டிக்கல். இரண்டாம் வருஷத்து எலக்ட்ரானிக்ஸ் லேப். எழுத்துத் தேர்வு என்றால் எனக்குப் பயமே கிடையாது. என் கையெழுத்து அவ்வளவு அழகு. விடை தெரியாத கேள்விக்கும் தலைப்பு போட்டு, அடிக்கோடு போட்டு, முடிவைப் பெட்டி கட்டி எழுதிவிடுவேன். திருத்துகிறவர் அசந்துபோய் மார்க் போட்டுவிடுவார். லேபில் அந்த வித்தை செல்லாது. டிரான்சிஸ்டருக்குக் கையெழுத்து பார்க்கத் தெரியாது.

படிப்பு இப்படித் தொங்கிக்கொண்டிருக்கும்போதே தொழில் வந்துவிட்டது. இலுப்பூரைச் சுற்றி வீடு, கடை, அரிசி ஆலை என்று சிசிடிவி கேமரா மாட்டுகிறேன். தொழில் வந்ததும் கல்யாணம் வந்தது. பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அப்பா போட்டுவிட்டார். "ஒரு பேப்பருதான, அச்சடிக்கிறதுக்குள்ள முடிச்சிருவான்" என்று நினைத்தாராம். அச்சகத்துக்காரர் என்னைவிட வேகமாக இருந்தார்.

என் மனைவி வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர். கல்யாணமாகி மூன்றாம் மாதம் பீரோவில் ஏதோ தேடியவள் என் மார்க் ஷீட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, இதுல டிகிரி சர்டிபிகேட் இல்லையே?"

"வரும்மா."

"எங்கேருந்து வருது, நடந்தா?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. ஆனால் யாராவது வீட்டுக்கு வந்து "சார் என்ன படிச்சிருக்காரு?" என்று கேட்டால், "படிச்சுக்கிட்டு இருக்காரு" என்று சொல்வாள். எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. அரியர் வைத்திருப்பவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு, இதுவே கடைசி. இதில் தேறாவிட்டால் பதிவெண் காலாவதி. அதாவது நான் தேறிய மற்ற பேப்பர்களும், நாலு வருஷமும், கல்லூரி பஸ்ஸில் நின்றுகொண்டே போன தூரமும் ஒன்றுமில்லாமல் போய்விடும். நான் பிளஸ் டூ ஆகிவிடுவேன். என் மனைவி பிளஸ் டூவுக்குப் பாடம் எடுப்பவள். வீட்டில் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்து, அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன்.

நான் ஏன் அந்த ஒரு பேப்பரில் விழுந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் ஒரு கறுப்பு வயர்.

டிரான்சிஸ்டர் என்பது மூன்று கால் பூச்சி. பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று காலுக்கொரு பெயர். சிக்னல் உள்ளே போக இரண்டு வயர் வேண்டும், வெளியே வர இரண்டு வயர் வேண்டும். ஆக நாலு. இருப்பதோ மூன்று கால். அதனால் ஏதாவது ஒரு கால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிற்க வேண்டியிருக்கிறது. கலெக்டர் அப்படிப் பொதுவாக நின்றால் அது காமன் கலெக்டர் சர்க்யூட். இந்தச் சர்க்யூட் சிக்னலைப் பெரிதாக்காது. கூட்டமான பஸ்ஸில் கடைசி சீட்டில் இருக்கும் அம்மா ஈனக் குரலில் "குளத்தூர் விலக்குல எறங்கணும்" என்பார். நடுவில் நிற்கும் தடித்த மனிதர் அதே வார்த்தையைக் கண்டக்டர் காதில் விழுகிற மாதிரிச் சொல்வார். வார்த்தை மாறாது, அதன் பின்னால் இருக்கும் தெம்பு மட்டும் மாறும். அந்தத் தடித்த மனிதர்தான் காமன் கலெக்டர்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். பத்தொன்பது வயதில் எனக்குத் தெரிந்தது ஒரே வரி: இன்புட் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே, அவுட்புட் எமிட்டருக்கும் கலெக்டருக்கும் இடையே. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வேன். கையெழுத்து அழகாக இருந்ததால், லேப் சுவருக்குச் சார்ட் வரையும் வேலையும் எனக்கே வந்தது. புத்தகத்தைப் பார்த்து வரைந்துகொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றேன். படத்தில், சிக்னலை உண்டாக்கித் தரும் ஜெனரேட்டர் பெட்டியின் சிவப்பு வயர் பேஸுக்குப் போயிருந்தது, சரி. கறுப்பு வயர் கீழே பூஜ்ய வோல்ட் கிரவுண்டுக்குப் போயிருந்தது. கலெக்டர் எங்கேயோ மேலே பன்னிரண்டு வோல்ட் சப்ளையில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்த வரியோ பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே என்றது.

வேறு யாராக இருந்தாலும் வாத்தியாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள். நான் புத்தகத்தைத் திருத்தினேன். அச்சடித்தவன் தூங்கிவிட்டான் என்று முடிவு செய்து, கறுப்பு வயரைத் தூக்கி, வளைத்து, கலெக்டரில் கொண்டுபோய் ஒட்டினேன். அந்த வளைவு அவ்வளவு அழகாக வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். சார்ட் சுவருக்குப் போயிற்று.

அந்த வருஷப் பிராக்டிக்கலில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு வந்தது காமன் கலெக்டர். மனசுக்குள் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு, என் சார்ட்டில் இருந்தபடியே கனெக்‌ஷன் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் பவர் சப்ளையில் ஓவர்லோடைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது, பன்னிரண்டு வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கியது. டிரான்சிஸ்டர் செத்துவிட்டது என்று வேறு வாங்கி மாட்டினேன். அதே சிவப்பு. இன்னொன்று. ஐந்து டிரான்சிஸ்டர் மாற்றினேன். மூன்று மணி நேரம் முடிந்தபோது என் மேஜையில் நல்ல டிரான்சிஸ்டர்கள் பிணம்போல் வரிசையாகக் கிடந்தன. வெளியே வந்து, "எல்லாம் டூப்ளிகேட் மாலு" என்று ஊரெல்லாம் சொன்னேன். பிறகு இரண்டு தடவை விண்ணப்பம் போட்டுவிட்டு, போகாமலே இருந்தேன். ஒரு தடவை காய்ச்சல். இன்னொரு தடவையும் காய்ச்சல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறப்பு வாய்ப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அந்தச் சர்க்யூட்டைக் கட்டினேன். கேமராவுக்குப் போடும் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் சப்ளை. ஜெனரேட்டருக்குப் பதில் என் போன், அதில் ஒரு நாதஸ்வரம். அவுட்புட்டுக்குக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர். போனின் கறுப்பு வயரைப் புத்தகத்தில் இருந்தபடி கிரவுண்டில் கொடுத்தேன். நாதஸ்வரம் கேட்டது. என் சார்ட்டில் இருந்தபடி கலெக்டரில் கொடுத்தேன். அன்றைக்கு மாதிரி சப்ளை செத்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதே நாதஸ்வரம் அப்படியே கேட்டது.

"ரெண்டு எடத்துலயும் பாடுது! அப்பறம் எதுக்குடா என்னைய பெயிலாக்குனீங்க!" என்று கத்தினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமல் கேட்டாள். "யாருகிட்ட கத்துறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அவள் பேனாவை மூடினால் எனக்குக் கொஞ்சம் பயம்.

"கலெக்டர்ல எவ்வளவு வோல்ட்டு?"

"பன்னெண்டு."

"பாட்டு ஓடும்போது?"

"பன்னெண்டுதான்."

"நிறுத்துனா?"

"எப்பவும் பன்னெண்டுதாம்மா. சப்ளை அது."

"கிரவுண்டுல?"

"எப்பவும் பூஜ்யம்."

"மாறாத எண்ணை டிஃபரென்ஷியேட் பண்ணா என்ன வரும்?"

நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். நாதஸ்வரம் உதவிக்கு வரவில்லை.

"பூஜ்யம்ங்க. பன்னெண்டைப் பண்ணாலும் பூஜ்யம், பூஜ்யத்தைப் பண்ணாலும் பூஜ்யம். எங்க புள்ளைக இதுக்குத் தப்பு எழுதுனா முட்டி போடச் சொல்லுவேன். பாட்டுங்கிறது மாறுற சமாச்சாரம். அதுக்கு மாறாதது எல்லாம் ஒண்ணுதான். மேல கட்டுனா என்ன, கீழ கட்டுனா என்ன?"

பேனாவைத் திறந்துகொண்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டாள். பதிமூன்று வருஷமாக நான் முட்டி மோதிய சுவரில் கதவு இருந்திருக்கிறது. புத்தகத்து வரியும் சரி, புத்தகத்துப் படமும் சரி. சப்ளைக்குக் குறுக்கே நின்று, மாறுகிறதை மட்டும் கடத்திவிடும் கெப்பாசிட்டர் வழியாகச் சிக்னலுக்குக் கலெக்டரும் கிரவுண்டும் ஒரே வீடு. திருத்தியவன்தான் சரியில்லை.

அப்படியென்றால் அன்றைக்குச் சிவப்பு விளக்கு ஏன்? அன்று சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போனபோது ஃபிரிட்ஜின் பிளக் கண்ணில் பட்டது. மூன்று கால். பெரிய கால் எர்த். என் போனுக்கு எர்த் கிடையாது, பேட்டரியில் மிதக்கிறது. லேப் ஜெனரேட்டருக்கு எர்த் உண்டு. அலையைக் காட்டும் சிஆர்ஓவுக்கும் உண்டு. ஜெனரேட்டரின் கறுப்பு வயரும் சிஆர்ஓவின் கறுப்பு வயரும் சுவருக்குள் கைகுலுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைப் பன்னிரண்டு வோல்ட்டிலும் இன்னொன்றைக் கிரவுண்டிலும் மாட்டினால், சப்ளையின் இரண்டு முனையையும் நானே சேர்த்துக் கட்டினதாக ஆகிறது. ஐந்து டிரான்சிஸ்டரும் குற்றமற்றவை. தண்ணீர் எடுக்காமலே திரும்பி வந்தேன்.

தேர்வு நாள். கல்லூரி புதுக்கோட்டையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் இருக்கிறது. லேபில் என்னைத் தவிர எல்லோரும் மீசை சரியாக முளைக்காதவர்கள். ஒருத்தன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நானும் எக்ஸாமினர் மாதிரியே தலையாட்டிவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரில் சார்ட்டுகளை எல்லாம் தேர்வுக்காகப் படம் தெரியாதபடி திருப்பி மாட்டியிருந்தார்கள். உள்ளூர் எக்ஸாமினர் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். அதே கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராகிவிட்டவர். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் ஒரு மேடம். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார்.

சீட்டு எடுத்தேன். காமன் கலெக்டர்.

ஜூனியர் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் குனிந்தார். "அண்ணே, வேணும்னா சீட்டை மாத்திக்கலாம். பத்து மார்க்குதான் கொறையும்."

"வேணாம் சார். இவனும் நானும் பேசித் தீர்த்துக்கிறோம்."

கட்டினேன். சிவப்பு பேஸுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு. சிஆர்ஓவில் மேலே ஓர் அலை, கீழே அதே உயரத்தில் இன்னோர் அலை.

ஜூனியர் சார் சுற்றி வந்து பார்த்தார். முகம் சுருங்கிற்று. லேப் மேனுவலைப் புரட்டி என் முன்னால் வைத்தார். "அண்ணே, கறுப்பு வயர் தப்பு. மேனுவல்ல பாருங்க, கலெக்டருக்குப் போகணும். மாத்தி மாட்டிருங்க, நான் ஒண்ணும் சொல்லல."

மேனுவலைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் வரைந்த படம். கறுப்பு வயர் கிரவுண்டை விட்டுக் கிளம்பி, ஒரு வளைவு வளைந்து, கலெக்டரில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியும்.

மாற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், பாஸும் போட்டிருப்பார். ஆனால் அந்தச் சனியன் பிடித்த வளைவைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு தடவை அதற்குக் கீழ்ப்படிந்து என்ன ஆனேன் என்று எனக்குத் தெரியும்.

"மாத்த மாட்டேன் சார்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. லேபே திரும்பிற்று. மேடம் எழுந்து வந்தார்.

"என்ன பிரச்சினை?"

"மேனுவல்படி இல்ல மேடம்" என்றார் ஜூனியர் சார்.

"மேனுவல் தப்பு மேடம்" என்றேன் நான்.

ஜூனியர் சாருக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். பக்கத்து மேஜைக்குப் போய், மேனுவலில் இருந்தபடியே மளமளவென்று கட்டிச் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரியவில்லை. அழகான அலை, என்னுடையதைவிடக் கொஞ்சம் ஒழுங்காகவே இருந்தது. "பாருங்க மேடம். அஞ்சாறு வருஷமா இப்பிடித்தான் எடுக்குறோம்."

எரிய வேண்டும், அது ஏன் எரியவில்லை? மேடம் என்னைப் பார்த்தார். "உங்களோடதும் வருது, அவரோடதும் வருது. எதைச் சரின்னு நான் எழுதறது?"

"சிக்னலுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்று ஆரம்பித்து, சிஆர்ஓ முனையை எடுத்துக் கலெக்டரில் வைத்தேன். ஆடாத அசையாத நேர்கோடு. "பேஸ் ஆடுது, எமிட்டர் ஆடுது. கலெக்டர் ஆடவே இல்ல. ஆடலைன்னா சிக்னலுக்கு அது கிரவுண்டுதான். அதனாலதான் காமன் கலெக்டர். இன்புட்டைக் கிரவுண்டுல குடுத்தா கலெக்டர்ல குடுத்த மாதிரிதான்."

"சரி. அப்ப அவரோடது மட்டும் எப்படித் தப்பு?"

நான் ஜூனியர் சார் கட்டிய மேஜைக்கு அடியில் குனிந்தேன். ஜெனரேட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு கால்தான் இருந்தது. பெரிய கால் இருந்த இடத்தில் ஓட்டை.

கதவோரம் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் படித்த காலத்திலிருந்து இருப்பவர். "அண்ணே, இதோட எர்த்து காலு எங்கண்ணே?"

அவர் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். "நான்தான் கழட்டுனேன் தம்பி. அந்தச் சார்ட்டு வந்ததுலேருந்து இந்த எக்ஸ்பெரிமென்டுக்கு மட்டும் செவப்பு லைட்டா எரிஞ்சுது. புள்ளைக பாவம் அழுவுதுக. எர்த்தைக் கழட்டுனா நின்னு போச்சு. எல்லா ஜெனரேட்டருக்கும் கழட்டிட்டேன். ஒன் மேசையில இருக்குறது புதுசு, அது இன்னும் கழட்டல."

நான் என் மேஜையிலிருந்த புது ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து ஜூனியர் சாரின் சர்க்யூட்டில் மாட்டினேன். மூன்று காலோடு. சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. என் வாழ்க்கையில் அந்த விளக்கைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"எர்த்தைக் கழட்டித்தான் ஒரு படம் வேலை செய்யணும்னா அந்தப் படம் தப்பு மேடம். ஜெனரேட்டருக்கு உள்ள எங்கயாவது லீக் ஆனா, இரும்புப் பெட்டியத் தொடுற புள்ளைக்குத்தான் ஷாக்."

மேடம் கண்ணாடியை மேலே ஏற்றினார். "மேனுவல் படத்தை யாரு வரைஞ்சது?"

"பழைய சார்ட்டைப் பாத்துக் கம்ப்யூட்டர்ல போட்டது மேடம். யாரு வரைஞ்சதுன்னு..." என்று இழுத்தார் ஜூனியர் சார்.

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் என்னைப் பார்த்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஜூனியர் சார் எத்தனையோ பிள்ளைகளுக்கு என் தப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது அதற்காகத் தலைகுனிந்து நிற்கிறார்.

"நான்தான் மேடம். ரெண்டாவது வருஷம் படிக்கிறப்ப வரைஞ்சேன். அதையே பாத்துக் கட்டி அதுலயே பெயிலும் ஆனேன்."

பக்கத்திலிருந்த பையன் களுக்கென்று சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார் என்று எனக்குத் தோன்றியது. வைவாவை அங்கேயே நடத்தினார்.

"இன்புட் ரெசிஸ்டன்ஸ் எப்படி இருக்கும்?"

"நிறைய இருக்கும் மேடம்."

"நிறையன்னா? ஃபார்முலா?"

"தெரியாது மேடம்."

"அவுட்புட் ரெசிஸ்டன்ஸ்?"

"கம்மி."

"ஃபார்முலா?"

"அதுவும் தெரியாது."

"ஒரே ஒரு வயரைத் தவிர வேற எதையுமே படிக்கலையா நீங்க?"

"அந்த ஒரு வயருக்கே இத்தனை வருஷம் ஆயிருச்சு மேடம்."

அவர் ஏதோ எழுதினார். தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். ஜூனியர் சார் வாசல் வரை வந்தார். "அண்ணே, மாத்திருந்தா கேள்வியே இல்லாம பாஸ்ணே. இப்ப அவங்க என்ன போட்டாங்களோ தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. திரும்ப உள்ளே போய் மாற்றுகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால், மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். வீடு வரும்வரை ஹெல்மெட்டுக்குள் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

முடிவு வந்த அன்று இலுப்பூரில் ஓர் அரிசி ஆலையில் ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பள்ளிக்கூடத்து இடைவேளையில் கூப்பிட்டாள்.

"ஏங்க, கீழ நிக்கிறீங்களா, மேல நிக்கிறீங்களா?"

"மேல."

"அப்பக் கெட்டியாப் புடிச்சுக்கங்க. பாஸு."

"எவ்வளவு?"

"பாஸுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. ஒண்ணுகூட அதிகமில்ல." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே படிச்சு முடிச்சுட்டாருன்னு சொல்லலாம்" என்றாள். குரல் லேசாக உடைந்தது மாதிரி இருந்தது. பள்ளிக்கூட மணிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஆலை முதலாளி நின்றிருந்தார்.

"அண்ணே, நான் பி.இ. ஆயிட்டேன்!"

அவர் அண்ணாந்து பார்த்தார். "சந்தோஷம் தம்பி. கேமரா கோணலா இருக்கு பாரு."

நான் கேமராவைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன்.

"கேமரா நேராத்தாண்ணே இருக்கு. ஒங்க சுவருதான் கோணல். நான் மாத்த மாட்டேன்."